கோடு எங்கே போச்சு?

நாற்பதைத் தாண்டினவங்களுக்காக நம்ம மொழியில ரெண்டு வார்த்தை காத்துக்கிட்டு இருக்கு. ஒண்ணு வெள்ளெழுத்து. இன்னொண்ணு சாளேஸ்வரம். முதல் வார்த்தைக்கு விளக்கமே வேண்டாம், எழுத்து வெளிறித் தெரியற வயசு. ரெண்டாவது எங்கேர்ந்து வந்ததுன்னு பார்த்தா, மராத்தியில 'சாளிஷி'ன்னா நாற்பது வயசுன்னும் அர்த்தம், படிக்கற கண்ணாடின்னும் அர்த்தம். கன்னடத்திலயும் 'சாளீசு' உண்டு. நம்ம சாளேஸ்வரமும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்னு தோணுது. பேர்ல ஈஸ்வரன் வந்து ஒட்டிக்கிட்டது நம்ம ஊர் பக்தி :-)

எனக்கு இப்போ நாற்பத்தாறு. சின்ன வயசிலேர்ந்தே கிட்டப்பார்வை, மைனஸ் ரெண்டரை. போன மாசம் அதோட படிக்கறதுக்குன்னு ஒண்ணேகால் 'அடிஷன்' சேர்ந்திருக்கு. கவுன்ட்டருக்குப் பின்னாடி உட்கார்ற வேலை. கையில காகிதம், முன்னாடி கம்ப்யூட்டர் திரை, அதுக்கு அந்தப் பக்கம் மனுஷன். காகிதம் படிக்கக் கண்ணாடியைக் கழட்டணும், மனுஷன் முகம் பார்க்கத் திரும்ப மாட்டணும். எதிர்ல நிக்கறவருக்கு நான் ஏதோ கோபத்துல கண்ணாடியைக் கழட்டறேன்னு தோணுது போல. ரெண்டு பேர் கேட்டே விட்டாங்க.

இதே மாதிரியே விட்டுடலாமா, கோடு போட்ட பைஃபோகலா, இல்லை கோடில்லாத ப்ரோக்ரஸிவா? கடைசிச் சொன்னது மத்ததை விடப் பல மடங்கு விலை. நண்பர்களைக் கேட்டா பாதிப் பேர் 'சொர்க்கம்'ங்கறாங்க, பாதிப் பேர் 'தலை சுத்துது, பீரோவுல தூங்குது'ங்கறாங்க. இதுக்கு நடுவுல எங்க அம்மா. எழுபத்தொரு வயசு, பல வருஷமா பைஃபோகல். போன வருஷம் கடைசிப் படின்னு நினைச்சு அதுக்கு முந்தின படியில காலை வெச்சு விழுந்து மணிக்கட்டு ஒடிஞ்சது. அதனால இது வெறும் அழகு சமாச்சாரம் இல்லைன்னு ஆயிடுச்சு. வழக்கம் போல வரலாற்றுக்குள்ள போய்ப் பார்த்தேன். அங்கேதான் விடை இருந்தது.

கிழவர்களுக்கு வந்த கண்ணாடி

மூக்குக் கண்ணாடி பிறந்ததே வெள்ளெழுத்துக்காகத்தான். 1306 பிப்ரவரி 23-ம் தேதி ஃப்ளாரன்ஸ் நகரத்துல ஜியோர்தானோ என்கிற டொமினிக்கன் துறவி ஒரு பிரசங்கம் பண்றார். கண்ணாடி செய்யற கலை வந்து இன்னும் இருபது வருஷம்கூட ஆகலை, முதல்ல செஞ்சவரை நானே பார்த்துப் பேசியிருக்கேன்னு அதுல சொல்றார். பேரை மட்டும் சொல்லலை! அதை வெச்சுத்தான் 1286 வாக்குல, இத்தாலியில, பீசா பக்கம்னு இன்னைக்குக் கணக்குப் போடறாங்க. கண்டுபிடிச்சவர் ரகசியமா வெச்சிருந்ததைப் பார்த்துத் தானே செஞ்சு எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவர் அலெஸ்ஸாந்த்ரோ தெல்லா ஸ்பீனா. அவரும் துறவிதான், 1313-ல இறந்துட்டார்.

அந்தக் கண்ணாடிகள் எல்லாமே குவிலென்ஸ். கிட்ட இருக்கறதைப் படிக்க மட்டும். கிட்டப்பார்வைக்காரங்களுக்கான குழிலென்ஸ் வர பதினஞ்சாம் நூற்றாண்டு ஆச்சு. 1462-ல மிலான் பிரபு ஃப்ரான்சிஸ்கோ ஸ்ஃபோர்ஸா ஃப்ளாரன்ஸ்லேர்ந்து மூணு டஜன் கண்ணாடி வரவழைக்கறார். ஒரு டஜன் தூரம் பார்க்க, இளவயசுக்காரங்களுக்கு. ஒரு டஜன் கிட்டப் பார்க்க, வயசானவங்களுக்கு. மூணாவது டஜன் சாதாரணப் பார்வைக்கு. அரசவையில கண்ணாடி போட்டுக்கறதே ஒரு ஃபேஷன் ஆயிருக்கு!

சரி, என்னை மாதிரி ரெண்டும் தேவைப்படறவங்க? ரெண்டு கண்ணாடி. ஒண்ணு மூக்குல, ஒண்ணு பையில. இப்படியே முந்நூறு வருஷம் ஓடியிருக்கு.

பிராங்க்ளினோட சாப்பாட்டு மேஜை

பைஃபோகல்னா பெஞ்சமின் பிராங்க்ளின்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்போம். 1784 ஆகஸ்ட்ல ஜார்ஜ் வாட்லிங்கற நண்பருக்கு எழுதின கடிதத்துல முதல்ல இதைப் பத்திச் சொல்றார். 1785 மே மாசம் இன்னொரு கடிதத்துல விவரமா எழுதறார். அப்போ அவருக்கு எழுபத்தொன்பது வயசு, பாரிஸ் பக்கத்துல பாஸியில அமெரிக்கத் தூதரா இருக்கார். பயணத்துல சில நேரம் படிப்பார், சில நேரம் வெளியே வேடிக்கை பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் கண்ணாடி மாத்தறது தொல்லை. அதனால ரெண்டு லென்ஸையும் பாதியா வெட்டி, மேல பாதி தூரத்துக்கு, கீழ பாதி படிக்கன்னு ஒரே வளையத்துல வெச்சுட்டார்.

எனக்குப் பிடிச்சது அடுத்து அவர் சொல்ற காரணம். விருந்து மேஜையில தட்டும் தெரியணும், எதிர்ல பேசறவர் முகமும் தெரியணும். பிரெஞ்சு காதுக்கு முழுசாப் பழகாத மொழி, பேசறவரோட முகம் அசையறதைப் பார்த்தா பாதி புரிஞ்சிடும். அதனால இந்தக் கண்ணாடியால தனக்கு பிரெஞ்சு நல்லாப் புரியுதாம்! படிச்சதும் என் கவுன்ட்டர்தான் ஞாபகம் வந்தது. காகிதம், எதிர்ல முகம். அதே பிரச்சினை, இருநூத்தி நாற்பது வருஷம் முன்னாடி.

'பைஃபோகல்'ங்கற பேரை 1824-ல வெச்சவர் ஜான் ஐசக் ஹாக்கின்ஸ், நிமிர்ந்து நிக்கற பியானோவை உருவாக்கின ஆள்களில் ஒருத்தர். ரெண்டு போதலைன்னு 1827-ல மூணு துண்டு லென்ஸுக்குக் காப்புரிமையும் வாங்கினார். நடுத்துண்டு நடுத்தூரத்துக்கு. கம்ப்யூட்டர் திரைங்கற ஒண்ணு வர்றதுக்கு நூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே நடுத்தூரம் ஒரு பிரச்சினைன்னு தெரிஞ்சிருக்கு.

ஏன் இந்த வயசுல இப்படி ஆகுதுன்னு தெளிவானது 1864-ல. டாண்டர்ஸ்னு நெதர்லாந்துக் கண் மருத்துவர், குவியத்தை மாத்தற சக்தி சின்ன வயசிலேர்ந்தே படிப்படியாக் குறைஞ்சுக்கிட்டே வருதுன்னு தன் புத்தகத்துல காட்டினார். தூரப்பார்வை வேற, வெள்ளெழுத்து வேறன்னு பிரிச்சவரும் அவர்தான். கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் இறுகிக்கிட்டே போகுது. நாற்பதுல திடீர்னு வர்றதில்லை, நாற்பதுலதான் கைக்கு நீளம் பத்தாமப் போகுது. இன்னும் முக்கியமானது, இது நாற்பத்தாறுல நிக்காது. என் ஒண்ணேகால் அறுபது வயசுக்குள்ள ரெண்டரை கிட்டப் போகும்.

கோட்டை அழிக்கப் போட்ட பாடு

கோட்டோட தொல்லை ரெண்டு. ஒண்ணு, எல்லாருக்கும் வயசு தெரிஞ்சிடும். ரெண்டு, பார்வை அந்தக் கோட்டைத் தாண்டும்போது பொருள் சட்டுனு இடம் மாறித் தெரியும். படி இறங்கும்போது இது விளையாட்டு இல்லை.

1908-ல ஜான் போர்ஷ் அமெரிக்காவுல ரெண்டு விதமான கண்ணாடியை உருக்கி ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஒட்ட வெச்சார். அதுதான் 'கிரிப்டாக்'. நம்ம ஊர் ஆப்டிகல்ஸ் கடைகள்ல இந்தப் பேரைக் கேட்டிருப்பீங்க. கிரேக்க மொழியில 'மறைஞ்சது'ன்னு அர்த்தம் வர்ற வேர்ச்சொல். கோடு கொஞ்சம் மறைஞ்சது, பிரச்சினை மறையலை. 1955-ல அமெரிக்காவுல இர்விங் ரிப்ஸ் கோட்டை வழவழன்னு தேய்ச்சே காணாமப் பண்ணினார். பார்க்கறவங்களுக்குக் கோடு தெரியாது. போட்டவருக்கோ கோடு இருந்த இடத்துல ஒரு மங்கல் பட்டை. நடுத்தூரத்துக்கு அதுலயும் இடம் கிடையாது.

ரெண்டு துண்டை ஒட்டறதே தப்பு, ஒரே பரப்பு மேலேர்ந்து கீழ வர வர வளைவைக் கூட்டிக்கிட்டே வந்தா என்னன்னு யோசிச்சவங்க உண்டு. யானைத் தும்பிக்கையை நினைச்சுக்கோங்க. மேல அகலமான வளைவு, நுனிக்கு வர வர இறுக்கமான வளைவு. 1907-லயே ஓவன் ஏவ்ஸ் என்கிற ஆங்கிலேயர் இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். ஆனா கடைக்கு வரலை. சாதாரண லென்ஸ் உருண்டைப் பரப்பு, எந்தப் பக்கம் தேய்ச்சாலும் ஒரே வளைவு, அதனால அரைக்கறது சுலபம். இடத்துக்கு இடம் வளைவு மாறற பரப்பை எதை வெச்சு அரைக்கறது?

அதைச் சாதிச்சவர் பெர்னார் மெத்னாஸ், பிரான்ஸ் எஞ்சினியர். 1950-கள்ல லென்ஸோட சேர்த்து, அதை அரைக்கற வழியையும் உருவாக்க வேண்டியிருந்தது. 1959-ல 'வாரிலக்ஸ்' விற்பனைக்கு வந்தது. கோடு இல்லை. மேல தூரம், நடுவுல திரை, கீழ காகிதம். அவர் வேலை பார்த்த எஸ்ஸெல் நிறுவனம் 1972-ல சிலோரோட சேர்ந்து எஸ்ஸிலார் ஆச்சு.

கோடு போன இடம்

இங்கேதான் கதையோட முடிச்சு. 1963-ல மின்க்விட்ஸ் என்கிற ஜெர்மன் கணித ஆய்வாளர் ஒரு தேற்றத்தை நிறுவினார். மேலேர்ந்து கீழ பவர் எவ்வளவு வேகமாக் கூடுதோ, அதைப் போல ரெண்டு மடங்கு வேகத்துல பக்கவாட்டுல சிலிண்டர் மங்கல் கூடியே தீரும். மட்டமான கம்பெனி, உசத்தியான கம்பெனி பேச்சே இல்லை. வளைவுகளோட கணக்கு அது. கோடு மறையலைங்க, மங்கலா மாறி ரெண்டு ஓரத்துக்கும் போயிடுச்சு. அந்த மங்கலை மூலையில குவிக்கலாம், இல்லை பரவலாத் தெளிக்கலாம். ஒழிக்க முடியாது. 1990-களோட கடைசியில வந்த, புள்ளி புள்ளியாச் செதுக்கற கம்ப்யூட்டர் லென்ஸ்கூட இதை நல்லாப் பங்கு பிரிக்குது, அவ்வளவுதான்.

ஒரு தோராயக் கணக்கு போட்டேன். மேலேர்ந்து கீழ பவர் மாறற நீளம் 14 மில்லிமீட்டர்னு வைங்க. அரை டையாப்டர் மங்கலைக் கண் பொறுத்துக்கும்னும் வைங்க. ஒண்ணேகால் அடிஷனுக்கு நடுவுல தெளிவாத் தெரியற சந்து சுமார் 5.6 மில்லிமீட்டர் அகலம். ரெண்டரை அடிஷனுக்கு 2.8 தான். சரி பாதி!

'சொர்க்கம்' கோஷ்டிக்கும் 'தலை சுத்துது' கோஷ்டிக்கும் வித்தியாசம் இப்போ புரியுது. என் நண்பர்கள்ல முதல் கோஷ்டி நாற்பதுகள்ல மாறினவங்க. அகலமான சந்துல நடக்கக் கத்துக்கிட்டாங்க, சந்து குறுகக் குறுகப் பழகிக்கிட்டாங்க. ரெண்டாவது கோஷ்டி பைஃபோகல்லயே ஐம்பத்தெட்டு வரை ஓட்டிட்டு, நேரா குறுகின சந்துல போய் மாட்டினவங்க.

படிக்கட்டு

விலை விஷயத்தையும் ஒதுக்கிட முடியாது. 2018-ல வெளியான ஒரு ஆய்வு, அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள்ல நாற்பது வயசைத் தாண்டின 751 தொழிலாளர்களை வெச்சு நடந்தது. சாதாரண கிட்டப் பார்க்கற கண்ணாடி கொடுத்தவங்க, கொடுக்காதவங்களை விட சுமார் 22 சதவீதம் கூடுதலா உற்பத்தித்திறன் காட்டினாங்க. ஆக, வெள்ளெழுத்துக்குப் பெரிய வைத்தியம் விலை கம்மியான கண்ணாடியிலேயே கிடைச்சிடுது. மேல கொடுக்கற காசு முழுக்க, கழட்டி மாட்டற வேலை மிச்சமாகறதுக்கு. என் வேலைக்கு அது தேவை. வீட்டோட இருக்கறவங்களுக்கு, அதுவும் மைனஸ் பவர்காரங்களுக்கு, கழட்டிட்டுப் படிக்கறதை விட நல்ல கண்ணாடி கிடையாது.

அம்மா விஷயத்துக்கு வர்றேன். 2002-ல சிட்னியில ஸ்டீபன் லார்டும் கூட்டாளிகளும் 63-லேர்ந்து 90 வயசு வரையிலான 156 பேரை ஒரு வருஷம் கவனிச்சாங்க. பைஃபோகல், ப்ரோக்ரஸிவ் மாதிரி பல பவர் கண்ணாடி போட்டவங்க விழற வாய்ப்பு மத்தவங்களை விட ரெண்டு மடங்குக்கு மேல. காரணம் எளிமை. கண்ணைத் தாழ்த்திப் படியைப் பார்த்தா பார்வை கீழ்ப்பாதி வழியாப் போகுது. அந்தப் பாதி நாற்பது சென்டிமீட்டருக்கானது. படி ஒன்றரை மீட்டர்ல இருக்கு.

2010-ல அதே குழுவினர் சேர்ந்து செஞ்ச அடுத்த ஆய்வு வந்தது. 606 முதியவங்க. பாதிப் பேருக்கு, வெளியே போகும்போது போட்டுக்கத் தூரத்துக்கு மட்டுமான தனிக் கண்ணாடி கொடுத்தாங்க. அடிக்கடி வெளியே போய் வர்றவங்க விழறது 40 சதவீதம் குறைஞ்சது. ஆனா அதிகம் வெளியே போகாதவங்க, வெளியே போனப்போ விழறது கூடியிருக்கு! பழக்கமில்லாத கண்ணாடி உதவி பண்ணலை. அதனால 'பெரியவங்களுக்கெல்லாம் மாத்துங்க'ன்னு பொத்தாம் பொதுவாச் சொல்லிட முடியாது.

அம்மா தினம் ரெண்டு வேளை கோயில், மார்க்கெட்னு சுத்தறவங்க. அவங்களுக்குத் தூரத்துக்கு மட்டும் தனிக் கண்ணாடி சொல்லியாச்சு. வாசல் பக்கத்து ஆணியில தொங்கும், செருப்பு போடும்போதே மாட்டிக்கணும்னு ஒப்பந்தம். "இன்னொரு கண்ணாடியாடா, எனக்கென்ன நாலு மூக்கா இருக்கு?"ன்னாங்க. இந்த வயசுல அவங்களை ப்ரோக்ரஸிவுக்கு மாத்தப் போறதில்லை. பழகின கோடு பழகினபடியே இருக்கட்டும், படிக்கறதுக்கு.

எனக்கு ப்ரோக்ரஸிவ், இப்பவே, அடிஷன் ஒண்ணேகாலா இருக்கும்போதே. பத்து வருஷம் தள்ளிப்போட்டா அதே காசுக்குப் பாதிச் சந்துதான் கிடைக்கும். ஃப்ரேம் ரொம்பக் குட்டையா இருந்தா கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டுடும்ங்கறதால கொஞ்சம் உயரமான ஃப்ரேம். அதை முகத்துல மாட்டி, நேரா நிக்க வெச்சு, கருவிழி நடுவுக்கு மையால புள்ளி வெச்சு அளவு எடுக்கற கடையிலதான் ஆர்டர். ரெண்டு மில்லிமீட்டர் தள்ளினாக்கூட நான் கொடுக்கற காசு ஓரத்து மங்கலுக்குப் போயிடும். படி இறங்கும்போது கண்ணை இல்லை, தலையைக் குனியணும்னு இப்பவே வீட்டுல பயிற்சி நடக்குது. ராத்திரி படுத்துக்கிட்டுப் படிக்க மட்டும் வெறுங்கண்ணு.

அறுபதைத் தாண்டினதும் எனக்கும் வாசல் பக்கத்துல ஒரு ஆணி தேவைப்படும். இடம் இப்பவே பார்த்து வெச்சுட்டேன், அம்மா ஆணிக்குப் பக்கத்துல.