நூறு கைப்பேசிகளும் ஒரு மடிக்கணினியும்

பொதுத்தொண்டு செய்ய முன்வரும் அமைப்புகள் பலவும், "மனம் உண்டு, பணம் இல்லை" என்று வருந்துவதை நாம் அறிவோம். கையிலிருக்கும் எளிய கருவியைக் கொண்டே பெரும்பணி ஆற்றியவர்களின் வரலாறு இத்தகையோருக்கு ஊக்கமளிக்கும். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் நிகழ்ந்த அத்தகையதொரு முயற்சியை இங்கு நினைவுகூர்வோம்.

கைப்பேசிக்கு முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. 160 எழுத்துகளுக்குள் அடங்கும் அச்செய்தி, பத்தாண்டுகளுக்குள் ஏழை நாடுகளின் சிற்றூர்களையும் எட்டியது. 2003, 2004 ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவின் குரூகர் வனப்பூங்காப் பகுதியில் பணியாற்றிய கென் பேங்க்ஸ் என்பவர், சுற்றுப்புற மக்களுக்கு ஒரே நேரத்தில் செய்தி அனுப்ப வழி தேடினார். அன்றிருந்த வழிகள் இணைய இணைப்பை வேண்டின. அங்கோ இணையம் அரிது. எனவே 2005இல் 'ஃப்ரன்ட்லைன் எஸ்.எம்.எஸ்.' என்னும் மென்பொருளை உருவாக்கி, தொண்டு நிறுவனங்களுக்கு இலவசமாக வழங்கினார். ஒரு கணினியுடன் ஒரு கைப்பேசியைக் கம்பியால் இணைத்தாலே போதுமானதாக இருந்தது. இணையமின்றியே பலருக்கும் செய்தி அனுப்பவும், அவர்தம் மறுமொழிகளைப் பெறவும் முடிந்தது.

மலாவியின் தலைநகர் லிலாங்வேக்கு மேற்கே நமிடேட்டே என்னும் ஊரில் செயின்ட் கேப்ரியல் மருத்துவமனை உள்ளது. சுமார் 2,50,000 மக்கள் அதனை நம்பியிருந்தனர். சிற்றூர்களின் நலத்தொண்டர்கள் நோயாளிகளின் நிலையைத் தெரிவிக்கப் பல மைல் நடந்து வந்தனர். மருத்துவமனைப் பணியாளரோ மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராக அலைந்தார். காசநோய்க்குப் பல மாதங்கள் இடைவிடாது மருந்துண்ண வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். ஆகவே ஒரு செய்தியின் தாமதம் ஓர் உயிரின் இழப்பாகவும் முடியலாம்.

இந்நிலையை 2007இல் நேரில் கண்டவர் ஜாஷ் நெஸ்பிட் என்னும் அமெரிக்க மாணவர். அவர் 2008இல் சுமார் 100 பழைய கைப்பேசிகளுடனும் ஒரு மடிக்கணினியுடனும் மீண்டும் வந்தார். தொண்டர்கள் 75 பேருக்குச் செய்தி அனுப்பும் பயிற்சி அளிக்கப்பட்டது. மருந்து உண்ணாதவர் யார், உடனே உதவி வேண்டுபவர் யார் என்ற விவரங்கள் நொடிகளில் மருத்துவமனையை அடைந்தன. ஆறு மாத முடிவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணிநேர உழைப்பு மிச்சமாயிற்று. எரிபொருள் செலவும் குறைந்தது. காசநோய்த் திட்டத்தில் பேணத்தக்க நோயாளிகளின் எண்ணிக்கை 100இலிருந்து 200 ஆக உயர்ந்தது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது என்ன? கருவி மட்டும் எவரையும் காப்பாற்றவில்லை. செய்தி அனுப்ப நம்பிக்கைக்குரிய தொண்டரும், அதைப் படித்தவுடன் புறப்படும் பணியாளரும் இருந்தமையாலேயே அது பயன் தந்தது. மக்கள் ஏற்கெனவே அறிந்த கருவியைத் தேர்ந்தமை இரண்டாவது சிறப்பு. குறுஞ்செய்தி முற்றிலும் மறைவானதன்று. ஆதலால் நோயாளியின் அந்தரங்கத்தைப் பேணுவதும் தொண்டின் கடமையே.

இன்று நம்மில் பலரிடம் அக்கைப்பேசிகளினும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்தவை உள்ளன. நாம் பெறும் உதவிக்குரல் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்று விடையளிப்பவர் ஒருவர் நம்மிடம் உள்ளாரா? எந்த அமைப்பும் கருவி வாங்குமுன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவேயாகும்.