முகம் பார்க்கும் போக்கர், கணக்கு பார்க்கும் போக்கர்

2016ல் புனேக்கு வந்த புதிதில் சனிக்கிழமை ராத்திரி ரூமில் போக்கர் ஆடுவோம். கல்யாண வீடுகளில் ரம்மி ஆடிப் பழகிய கை, பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். அந்தத் தைரியத்தில் ஆன்லைனில் இறங்கி ஒரு மாதச் சம்பளத்தை விட்டேன். அந்த மாதம் ஊருக்குப் பணம் அனுப்பாததற்கு அம்மாவிடம் சொன்ன பொய் இன்னும் உறுத்துகிறது. ஏன் தோற்றேன் என்று தேடியபோது கிடைத்த சரித்திரம் இது.

இணையத்தில் காசு வைத்து ஆடும் போக்கரை 1998ல் தொடங்கியது ப்ளானட் போக்கர். 2003ல் கிறிஸ் மணிமேக்கர் (நிஜப் பெயரேதான்!) என்ற அமெரிக்க அக்கவுண்டன்ட், 86 டாலர் கட்டி ஆன்லைன் தகுதிச் சுற்றில் நுழைந்து, லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அந்த வருடம் ஆடியவர்கள் 839 பேர். 2006ல் 8,773 பேர்! 'அவரால் முடிந்தால் நம்மால் முடியாதா' என்ற ஆசைதான்.

ஆனால் இரண்டும் ஒரே ஆட்டம் இல்லைங்க. நேரில் மணிக்கு முப்பது ஆட்டம் வந்தால் அதிகம். ஆன்லைனில் ஒரே ஆள் நாலைந்து மேஜையில் சில நூறு ஆட்டம் ஆடிவிடுவார். வேகாஸில் உட்காரவே 21 வயது ஆக வேண்டும். ஆன்லைனில் பழகிய நார்வேப் பெண் அனெட் ஓப்ரஸ்டாட் 2007ல் லண்டனில் ஐரோப்பியப் பட்டம் வாங்கியபோது வயது 18!

அடுத்தது மென்பொருள். போக்கர் டிராக்கர், ஹோல்டம் மேனேஜர் போன்றவை ஆடிய எல்லா ஆட்டத்தையும் சேமித்து, எதிராளி பெயருக்குப் பக்கத்திலேயே எண்களைக் காட்டும். நூற்றுக்கு எத்தனை ஆட்டத்தில் காசு போடுகிறார், பந்தயத்தை ஏற்றினால் ஸ்கூட் ஆகிவிடுவாரா, எல்லாம். பிறகு, சரியான ஆட்டம் எது என்று கணக்கிட்டுச் சொல்லும் 'சால்வர்'கள் வந்தன. 2017ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேடஸ் என்ற நிரல் 1,20,000 ஆட்டங்களில் நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தது.

அதனால், வேகாஸின் சின்ன மேஜையில் விடுமுறைக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அதே தொகைக்கு ஆன்லைனில் இதையே பிழைப்பாக வைத்திருப்பவர் இருப்பார். நான் நம்பியதோ நண்பன் பொய் சொல்லும்போது மூக்கைச் சொறிவதை!

2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. ஆனாலும் போன வாரம் தம்பி போனில், "நான் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட தோத்ததே இல்லண்ணா" என்றான். அவனுக்காகத்தான் இந்தப் பதிவு. அம்மாவுக்கும் இனிமேல்தான் சொல்ல வேண்டும்.