நெற்றிக்கண் – 9: பழைய குப்பி

போன வாரம் வான்கூவர் நகரத்தில், கண் மருத்துவரின் அறையில், கோபத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். என்ன கோபம் அவருக்கு? வாரம் முழுக்கக் காத்திருந்துவிட்டீர்கள். சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு இமை இறுகும் நோய். கண் நன்றாகத்தான் இருக்கும். இமைகள் மட்டும் தாமாகவே இறுக மூடிக்கொள்ளும். தெருவைக் கடக்க முடியாது. நாலு வரி படிக்க முடியாது. அந்த இமைகளை விடுவித்தவர் டாக்டர் ஜீன் கருதர்ஸ். சான் பிரான்சிஸ்கோவில் நம் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட்டிடம் கற்றுவந்த போட்டுலினம் நஞ்சு ஊசிதான், இன்று போடாக்ஸ் என்கிறோமே அதுதான், அவருடைய ஆயுதம். மூன்று நான்கு மாதத்தில் அதன் வேகம் அடங்கிவிடும். அதனால் அந்தப் பெண்மணி திரும்பத் திரும்ப வருவார்.

அன்றும் வந்தார். இமையைச் சுற்றி ஊசி போட்டாயிற்று.

எழுந்து போகவேண்டியவர் எழவில்லை.

புருவ மத்தியில் ஏன் போடவில்லை என்று கேட்டார். ஜீனுக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கே இறுக்கமே இல்லையே என்றார். இல்லை என்பது எனக்கும் தெரியும், ஆனால் அங்கே போட்டால்தான் என் முகம் கவலை நீங்கி அழகாக இருக்கிறது என்று அந்தப் பெண்மணி பதில் சொன்னார்.

எத்தனை பெரிய கண்டுபிடிப்பு! அதைச் செய்தவர் மருத்துவர் இல்லை, நோயாளி. கண்ணாடி முன்னால் நின்று தன் முகத்தைத் தானே ஆராய்ந்தவர். வருடக்கணக்கில் இறுகிக் கிடந்த முகம் தளர்ந்தால் என்ன சுகம் என்பது அவருக்குத்தானே தெரியும்?

வேறொரு மருத்துவர் சிரித்து அனுப்பியிருப்பார். ஜீனால் முடியவில்லை. காரணம், வீட்டில் இருந்தார்.

கணவர் அலஸ்டேர் தோல் மருத்துவர். புருவ மத்தியில் விழும் சுருக்கங்களோடு மல்லாடிக்கொண்டிருந்தவர். கொலாஜனை ஊசியால் ஏற்றி அந்தப் பள்ளத்தை நிரப்பிப் பார்ப்பார். வலி அதிகம், பலன் சில மாதம். அன்றிரவு சாப்பாட்டு வேளையில் ஜீன் நடந்ததைச் சொன்னார். சுருக்கத்தைத் தோலில் தேடிக்கொண்டிருந்தவருக்கு அதன் வேர் தசையில் இருப்பது அப்போது தெரிந்தது.

யாருக்குப் போட்டுப் பார்ப்பது?

அவர்களுடைய கிளினிக் வரவேற்பில் வேலை பார்த்த பெண் சம்மதித்தார். சில நாட்களில் அவருடைய நெற்றிச் சுளிப்பு மறைந்தது. அடுத்து ஜீன் தன் நெற்றியையே நீட்டினார். நஞ்சு என்ற பேரைக் கேட்டதும் நோயாளிகள் பின்வாங்கியதால், தன் முகத்தையே சாட்சியாக்கினார். 1987-க்குப் பிறகு தான் முகம் சுளித்ததே இல்லை என்று பிற்பாடு பெருமையோடு சொல்லிக்கொள்வார். 1992-இல் கணவனும் மனைவியும் முடிவுகளை அச்சில் வெளியிட்டார்கள். பிறகு உலகமே ஓடிவந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் அதே காலத்தில், வேறு அறைகளில், இதே ஊசி தோற்றுக்கொண்டிருந்தது.

கழுத்துத் தசை முறுக்கிக்கொண்டு தலையை ஒரு பக்கமாக இழுக்கும் நோய் உண்டு. அந்த நோயாளிகளுக்கும் இந்த ஊசிதான். புருவத்துக்குச் சுமார் 20 யூனிட் போதும். கழுத்துக்கு 200, 300 யூனிட் வேண்டும். வருடக்கணக்கில் நிம்மதியாக இருந்தவர்கள் சிலருக்குத் திடீரென்று ஊசி பிடிக்கவில்லை. தலை பழையபடி திரும்பிக்கொண்டது. அளவைக் கூட்டினார்கள். பயனில்லை.

மருந்து தோற்றதா, ஊசி குத்திய இடம் தவறா? சோதிக்க ஒரு வழி உண்டு. புருவத்தின் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் போடுவார்கள். இரண்டு வாரம் கழித்து முகம் சுளிக்கச் சொல்வார்கள். ஒரு பக்கம் அசையாமல் நின்றால் மருந்து வேலை செய்கிறது.

தோற்றவர்களுக்கு இரண்டு பக்கமும் சுளித்தது.

ரத்தத்தில் எதிர்ப்பான்கள் உருவாகியிருந்தன. நஞ்சு நரம்பு முனையை எட்டுமுன் உடம்பு அதைப் பிடித்து முடக்கிவிடும். ஏன்? இங்கேதான் நம் பழைய குப்பி வருகிறது. விஸ்கான்சினில் எட்வர்ட் ஷான்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1979 நவம்பரில் இந்த நஞ்சைப் படிகமாக்கினாரே, 79-11 என்று பேர் பெற்ற அந்தத் தொகுதி. மொத்தம் கால் கிராம்கூட இல்லை. அமெரிக்காவில் 1997 வரை போட்ட ஊசிகளுக்கு மூலம் அதுதான். அதில் 100 யூனிட்டுக்கு 25 நானோகிராம் புரதம் இருந்தது. அதில் பெரும்பங்கு வேலைக்கு உதவாதது. தனி ஆளாக ஊருக்குள் நுழைபவனை யாரும் கவனிப்பதில்லை; கும்பலாக வந்தால் ஊரே விழித்துக்கொள்ளும். உடம்பும் விழித்துக்கொண்டது.

1997-இல் புதிய தொகுதி வந்தது. புரதம் 5 நானோகிராமாகக் குறைந்தது. பிற்பாடு கழுத்து நோயாளிகளை ஆராய்ந்தபோது, பழையதை மட்டும் பெற்ற 42 பேரில் 4 பேருக்கு எதிர்ப்பான்கள் இருந்தன. புதியதை மட்டும் பெற்ற 119 பேரில் ஒருவருக்கும் இல்லை.

அப்பாடா என்று பெருமூச்சு விடாதீர்கள். ஏற்கெனவே விழித்துக்கொண்ட உடம்பை என்ன செய்வது? 2000-இல் இந்த நஞ்சின் இன்னொரு வகையான 'பி' வந்தது. பலருக்குக் கைகொடுத்தது. ஆனால் வாய் வறண்டது. நாளடைவில் சிலரது உடம்பு அதற்கும் எதிர்ப்பான்களை உண்டாக்கியது.

அழகுக்காகப் போடுகிறவர்களுக்கு அளவு குறைவு. அவர்களுக்கு உண்மையான எதிர்ப்பு அபூர்வம். அவர்களை ஏமாற்றியது வேறொன்று. முகம் சும்மா இருக்கும்போதும் தெரியும் கோடுகள் தோலிலேயே பதிந்துபோனவை. தசையைத் தளர்த்தினால் மட்டும் அவை போய்விடாது.

தோலையே புதுப்பிக்க வேண்டும். அதற்கும் ஒரு மருந்து தயாராக இருந்தது. 1988 ஜனவரியில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜான் வூர்ஹீஸ் குழு, வைட்டமின் ஏ-யிலிருந்து பிறந்த ஒரு களிம்பு வெயிலில் கெட்ட தோலின் சுருக்கத்தைக் குறைப்பதைக் காட்டியது. மருந்துக்கடைகளில் கூட்டம் முண்டியடித்தது.

அந்தக் களிம்பின் பிறப்பிடம் எது தெரியுமா? அழகு நிலையம் இல்லை.

பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைச்சாலை.

கைதிகளுக்குக் காலில் சேற்றுப்புண். வைத்தியம் பார்க்க ஆல்பர்ட் க்ளிக்மன் என்ற தோல் மருத்துவரைக் கூப்பிட்டிருந்தார்கள். கதவு திறந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான மனிதர்கள். அவர் கண்ணுக்கு நோயாளிகள் தெரியவில்லை. வேறொன்று தெரிந்தது.

என்ன தெரிந்தது?

(அடுத்த வாரம்)