டெல்லியில் ஒரு கற்பனை ரெஸ்லிங் கம்பெனி: ஸ்டைலை எப்படி முடிவு செய்வது?

'டோட்டல் எக்ஸ்ட்ரீம் ரெஸ்லிங்' கேமை முதல்முறை திறக்கும்போது கொஞ்சம் ஏமாந்துதான் போவீர்கள். யாரும் குதிக்க மாட்டார்கள், யாரும் அடிக்க மாட்டார்கள். திரை முழுக்க எழுத்தும் எண்ணும்தான். ஆபீஸில் திறந்து வைத்தால் ஏதோ எக்செல் வேலை என்றே மேனேஜர் நினைப்பார். ஆடம் ரைலண்ட் பல வருடங்களாக உருவாக்கிவரும் இந்த வரிசையில் நீங்கள் பயில்வான் கிடையாது, முதலாளி. யாரை எடுப்பது, யாரோடு மோதவிடுவது, யாரை ஜெயிக்க வைப்பது எல்லாம் உங்கள் கையில்.

ஆனால் புதுசா ஒரு கம்பெனி தொடங்கும்போது முதலிலேயே ஒரு கேள்வி வரும்: உங்கள் 'ப்ராடக்ட்' என்ன? அதாவது, உங்கள் ஸ்டைல் என்ன? பலரும் ஏதோ ஒன்றை க்ளிக் செய்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

புகழா, திறமையா?

ஒரு மேட்சுக்கு எத்தனை மார்க் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: மோதுபவர்களின் புகழ், அவர்களின் ஆட்டத்திறன். எதற்கு எவ்வளவு எடை என்பதைச் சொல்வதுதான் ஸ்டைல். கேமின் உள்கணக்கு சிக்கலானது. எளிமையாக்கிப் பார்ப்போம். புகழ் 80, திறமை 50 உள்ள ஒரு ஸ்டார். புகழ் 30, திறமை 85 உள்ள ஒரு புதுமுகம். புகழுக்கு 70 சதவீதம், திறமைக்கு 30 சதவீதம் என்று வைத்தால் ஸ்டாருக்கு 71, புதுமுகத்துக்கு 46.5. விகிதத்தைத் திருப்பிப் போட்டால் ஸ்டார் 59-க்கு இறங்கிவிடுவார், புதுமுகம் 68.5-க்கு ஏறிவிடுவார். ஆட்கள் அதேதான், மாறியது உங்கள் ஸ்டைல் மட்டும்.

சின்ன வயதில் டபிள்யூடபிள்யூஎஃப் டிரம்ப் கார்டு விளையாடியிருந்தால் இது சட்டெனப் புரியும். ரேங்க், உயரம், எடை, பைசெப்ஸ், ஜெயித்த சண்டைகள் எல்லாம் அதில் இருந்தன. 'நல்லா சண்டை போடுவாரா' என்ற கட்டம் மட்டும் இருந்ததே இல்லை.

டெல்லி எதைக் கேட்கும்?

உங்கள் கம்பெனியை டெல்லியில் தொடங்குகிறீர்கள் என்று வையுங்கள். அங்கே இரண்டு வகைப் பார்வையாளர்கள் இருக்கிறார்கள்.

ஒருவர் டிவியில் டபிள்யூடபிள்யூஇ பார்த்து வளர்ந்தவர். 2017 டிசம்பர் 9 அன்று இந்திரா காந்தி உள்விளையாட்டு அரங்கில் டிரிபிள் ஹெச்சும் ஜிந்தர் மஹாலும் மோதினார்கள். கனடாவில் பிறந்த பஞ்சாபி வம்சாவளியினரான ஜிந்தர் அமெரிக்க ரிங்கில் வில்லன். அவர் இந்தியர் என்பதே அங்கே வில்லத்தனத்துக்குப் போதுமான காரணமாக இருந்தது. டெல்லியில் அவர் நம்ம ஆளு. கடைசியில் டிரிபிள் ஹெச் ஜெயித்தார், பிறகு இருவரும் சேர்ந்து பாங்ரா ஆடினார்கள். புகழ் சார்ந்த ஸ்டைல் என்றால் இதுதான்.

இன்னொருவர் குரு ஹனுமான் அகாடாவையும், சுஷில் குமார் பயிற்சி பெற்ற சத்ரசால் ஸ்டேடியத்தையும் அறிந்தவர். குஸ்தி என்றால் இவருக்கு நிஜம். இவரை நம்பித்தான் 2015-ல் புரோ ரெஸ்லிங் லீக் வந்தது. ஸ்கிரிப்ட் கிடையாது, ஆனால் டிராமா உண்டு: எதிரணியின் ஒரு எடைப்பிரிவை கேப்டன் 'பிளாக்' செய்யலாம். இந்த விதியை உங்கள் கற்பனைக் கம்பெனிக்கு யோசிக்காமல் சுட்டுக்கொள்ளுங்கள். முதல் சீசனில் 'டெல்லி வீர்' என்றிருந்த டெல்லி அணி, இரண்டாவது சீசனில் 'டெல்லி சுல்தான்ஸ்' ஆனது. நடுவில் சல்மான் கானின் 'சுல்தான்' படம் வந்திருந்தது!

என் ஓட்டு திறமைக்குத்தான், குறைந்தது 60 சதவீதம். காரணம் கொள்கை இல்லை, காசு. சின்ன கம்பெனியால் புகழை விலைக்கு வாங்க முடியாது. வாங்கினாலும் பெரிய கம்பெனி ஒருநாள் தூக்கிக்கொண்டு போய்விடும். பக்கத்தில் இருக்கும் ஹரியானாவில் மல்யுத்தம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்கு இல்லாதது அடி வாங்கியதுபோல் விழவும், கூட்டத்தை ஏற்றி இறக்கவும் தெரிவது. அதற்குப் பயிற்சி தர முடியும். ஹரியானாக்காரரான கவிதா தேவி பவர்லிஃப்டிங்கில் இருந்து வந்து, ஜலந்தரில் கிரேட் காளியின் பள்ளியில் கற்று, 2017-ல் டபிள்யூடபிள்யூஇ தொடர் ஒன்றில் சல்வார் கமீஸோடு இறங்கினார். அந்த மேட்சில் தோற்றார். ஆனால் வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது.

வில்லன் யார்?

இந்தியாவின் பழைய ஃபார்முலா வெளிநாட்டு வில்லன். தாராசிங்குக்கு எதிராகக் கிங்காங்கை நிறுத்தியது அப்படித்தான். 2012-ல் கலர்ஸ் சேனலில் வந்த 'ரிங் கா கிங்' நிகழ்ச்சியும் அமெரிக்கரான ஜெஃப் ஜாரெட் தலைமையில் 'ஆர்டிஎக்ஸ்' என்ற வில்லன் கும்பலை இறக்கியது. இன்றைக்கும் வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் சலித்துவிடும். அதைவிட 'சார்பட்டா பரம்பரை' வழி நல்லது: ஒரே ஊர், இரண்டு பரம்பரை, இரண்டு பக்கமும் நியாயம்.

கேமில் இன்னொரு சுலபமான வில்லனும் கிடைப்பார்: கெட்ட முதலாளி. 1998-ல் ஸ்டீவ் ஆஸ்டினுக்கு எதிராக வின்ஸ் மெக்மஹன் நடித்த வேடம். 'அதாரிட்டி' பதவியில் ஒருவரை உட்கார வைத்தால் போதும், கூட்டம் தானாகக் கொதிக்கும். டெல்லியை வைத்து இதை எழுதும்போது மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். 2023 ஜனவரியில் வினேஷ் போகாட், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தது, மல்யுத்த சம்மேளனத்தின் அப்போதைய தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுகளை வைத்து. அவர் அதை மறுத்தார். மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தை நோக்கிப் போன வீரர்களைப் போலீஸ் பிடித்துச் சென்றது. டிசம்பரில் சாக்‌ஷி தன் ஷூக்களை மேஜைமேல் வைத்துவிட்டு ஓய்வை அறிவித்தார்.

இதைப் பார்த்த ஊரில் 'பாஸ் வீராங்கனையை மிரட்டுகிறார்' என்ற கதைக்கு வரும் கூச்சல், நீங்கள் எதிர்பார்க்கும் கூச்சலாக இருக்காது. என் கம்பெனியில் அந்த நாற்காலியில் ஓய்வுபெற்ற ஒரு பெண் பயில்வானை உட்கார வைப்பேன். மேட்ச் அறிவிப்பது மட்டும்தான் அவர் வேலை. நிகழ்ச்சி நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு மேட்சுகளுக்கு, பேச்சுக்கு மீதி. ரத்தம் வேண்டாம், ஸ்பான்சர்கள் பின்வாங்குவார்கள்.