வள்ளுவர் சிலையும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்

அல்சூர் ஏரிப் பக்கம் போனால் வள்ளுவர் சிலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வருவேன். 1991-இல் திறக்க ஏற்பாடாகி, எதிர்ப்பு கிளம்பியதால் 18 வருடம் மூடியே நின்ற சிலை அது.

பெங்களூர்த் தமிழர்கள் மறக்க முடியாத வருடமும் அதுதான். ஜூனில் காவிரி நடுவர் மன்றம் தமிழகத்துக்கு 205 டி.எம்.சி. தரச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. டிசம்பரில் அது அரசிதழில் வந்ததும் ஊர் பற்றிக்கொண்டது. தமிழர்களின் வீடும் கடையும் தாக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைவிட்டே ஓடினார்கள். 2016 செப்டம்பர் 12-இல் திரும்பவும் கலவரம். ஒரே டிப்போவில் நாற்பதுக்கும் மேற்பட்ட பஸ்கள் எரிந்தன. அதே நாளில் சென்னையில் கன்னடர் ஓட்டல் தாக்கப்பட்டதையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும். அதுதான் நியாயம்.

நேற்றுவரை சிரித்துப் பேசிய பக்கத்து வீட்டுக்காரர் ஒரே ராத்திரியில் எப்படி 'அவங்க ஆளு' ஆகிவிடுகிறார்? இது நிறவெறி இல்லைதான். ஆனால் மனசு வேலை செய்கிற விதம் ஒன்றுதான். நம்மாள் தப்பு செய்தால் "அவன் ஒருத்தன் அப்படி" என்போம். அடுத்தவர் செய்தால் "இவங்களே இப்படித்தான்" என்போம்.

சரி, இதற்கு மருந்து உண்டா? அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் எழுதினார்: சும்மா பழகினால் மட்டும் போதாது. சமமாக நின்று, பொதுவான ஒரு நோக்கத்துக்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும். அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும்.

அதே வருடம் முசாஃபர் ஷெரீஃப் ஓக்லஹோமாவில் 22 பையன்களை முகாமுக்கு அழைத்துப்போய், இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டி வைத்தார். அடிதடி வந்தது. சேர்ந்து சாப்பிட வைத்தால் சாப்பாட்டைத் தூக்கி எறிந்தார்கள்! பிறகு தண்ணீரை நிறுத்தினார். இரண்டு அணியும் குழாய் வழியே தொட்டி வரைக்கும் போய், அடைப்பைச் சேர்ந்தே எடுத்தார்கள். பகை அன்றைக்கே தீரவில்லை. அடுத்தடுத்து இப்படிப் பொது வேலைகள் வரவர, மெல்லத் தணிந்தது.

தண்ணீர்! நம் கதையும் அதுதானே?

2003-இல் இரு மாநில விவசாயிகளும் சேர்ந்து 'காவிரிக் குடும்பம்' தொடங்கினார்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் துணை நின்றது. டெல்டாக்காரர்கள் அங்கே போனார்கள், அவர்கள் இங்கே வந்தார்கள். காய்ந்த வயலை நேரில் பார்த்தபின் எதிரில் நிற்பவர் வெறும் 'கன்னடக்காரர்' இல்லை, கடன்பட்ட இன்னொரு விவசாயி. தீர்ப்பு எழுத அவர்களால் முடியவில்லை. பேச முடிந்தது.

2009 ஆகஸ்ட் 9-இல் வள்ளுவர் சிலை திறந்தது. நாலு நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. இரண்டு விழாவுக்கும் இரண்டு முதல்வர்களும் வந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் 2016-ஐ அதனால் தடுக்க முடியவில்லை. சிலை திறப்பு ஒருநாள் விழா. பழக்கம் தினமும் நடக்க வேண்டும்.

2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகப் பங்கைக் குறைத்து, பெங்களூர் குடிநீருக்கென்று 4.75 டி.எம்.சி. கூட்டிக் கொடுத்தது. அந்தத் தண்ணீரில்தான் இங்குள்ள தமிழர் வீடுகளிலும் சோறு வேகிறது. நாம் எந்தப் பக்கம், சொல்லுங்கள்?

அடுத்த முறை பிள்ளைகள் எதிரில் "இவங்களே இப்படித்தான்" என்று வாய் எடுக்கும்போது, ஒரு நிமிஷம் அந்தக் குழாயை நினைத்துக்கொள்வோம்.