நம்பிக்கை அளவையும் பகைவனின் கண்ணும்

முகம் காணாத இரு கணிப்பொறிகளுக்கிடையே முதலில் எழும் வினா, 'நீ யார்?' என்பதே. இதற்கென 1978இல் ரோஜர் நீதமும் மைக்கேல் ஷ்ரோடரும் வகுத்த நெறிமுறைகளுள் ஒன்றின் உயிர்ப்பகுதி மூன்றே மடல்கள். கண்ணன் தன் பெயரையும் புதிதாய் ஆக்கிய ஓர் எண்ணையும் வள்ளி மட்டுமே திறக்கும்படி பூட்டி அனுப்புகிறான். அவள் அவ்வெண்ணோடு தன் எண்ணையும் சேர்த்து, அவன் மட்டுமே திறக்கும்படி பூட்டி விடுக்கிறாள். அவன் அவளது எண்ணைத் திருப்பி அனுப்புகிறான். எண் திரும்பினால் ஆள் மெய்.

1989இல் பரோஸ், அபாடி, நீதம் மூவரும் இத்தகைய நெறிமுறைகளைச் சோதிக்க ஓர் அளவையை உருவாக்கினர். அவர்தம் முதலெழுத்துகளால் அது 'பான்' எனப்படுகிறது. மடலைக் கண்டவர் எதை நம்பலாம், சொன்னவருக்கு அதைச் சொல்லும் தகுதி உண்டா என்று படிப்படியாகச் செல்வது அது. காட்சி, கருத்து, உரை என்னும் நம் அளவைகளுள் உரையளவைக்கு நெருங்கிய உறவு என்றே நமக்குத் தோன்றுகிறது. இந்நெறிமுறையின் உடன்பிறப்பான மற்றொன்றில் மறைந்திருந்த ஓர் அனுமானத்தை அது வெளிக்கொணர்ந்தது, அப்பெருமை சிறிதன்று. ஆயின் மேற்சொன்ன மூன்று மடல்களில் அது பிழை காணவில்லை.

1995இல் காவின் லோவ் கண்டார். கண்ணன், மாறன் என்பானோடு உரையாடத் தொடங்குகிறான். மாறனும் உரிமையுள்ள உறுப்பினனே. அவன் கண்ணனின் மடலைத் திறந்து, வள்ளிக்கெனப் பூட்டி, கண்ணன் பெயரால் அனுப்புகிறான். அவளது மறுமொழி மாறனால் திறக்கவியலாதது. அப்படியே கண்ணனிடம் சேர்க்கிறான். மாறன் விடுத்ததென்றே எண்ணும் கண்ணன், வள்ளியின் எண்ணை எடுத்து மாறனுக்கே பூட்டித் தருகிறான். இனி வள்ளிக்கு மாறனே கண்ணன். வள்ளி ஒரு வங்கியாயின்? பூட்டு எதுவும் உடையவில்லை.

நிற்க. உறுப்பினருள் ஒருவனே பகைவனாகலாம் என்பது புதுச்செய்தியன்று. டோலெவும் யாவோவும் 1983இலேயே எழுதிவிட்டனர்: எம்மடலையும் மறிப்பான், புனைவான், வலையமைப்பில் முறையான உறுப்பினனாகவும் இருப்பான். பான் அளவையோ நெறிமுறையில் பங்குகொள்வோர் நேர்மையாளர் என்று கொண்டது. கருதுகோள் அது, கணக்குப் பிழையன்று.

திருத்தம் எளியது: இரண்டாம் மடலில் வள்ளி தன் பெயரையும் சேர்த்தால் போதும். 1996இல் லோவ், ஹோர் வகுத்த நிகழ்முறைக் கணிதத்தில் பகைவனையும் ஒரு பாத்திரமாக எழுதி, எல்லா நிலைகளையும் கணிப்பொறியைக் கொண்டே தேடச்செய்தார். பழைய வடிவின் ஓட்டை அகப்பட்டது. அத்தேடல் சிலர் மட்டுமே பேசும் சிறு உலகுக்கானது. திருத்திய வடிவுக்கு அதுவே போதும் என்பதை அவர் கையால் நிறுவவேண்டியிருந்தது. எத்தனை பேர் பேசினும் பொருந்தும் நிறுவலைத் தொகுத்தறிமுறையால் 1998இல் லாரன்ஸ் பால்சன் தந்தார்.