மியூசியத்துக்கு ஆள் சேர்த்த தோட்டம்

திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் முதலில் வந்தது அருங்காட்சியகம். தோட்டமும் மிருகங்களும் அதற்கு ஆள் சேர்க்க வந்தவை. காஞ்சிரங்குளம், பாறசாலை பக்கத்துக் குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ‘காழ்ச்ச பங்களா’ (காட்சி மாளிகை) இதுதான்.

திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஜெனரல் கல்லன் தாம் சேர்த்திருந்த கனிமக் கற்களைக் கொடுத்தார். மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஆதரவு தந்தார். வானாய்வகத்தை நடத்திய ஜான் ஆலன் பிரவுன் பொறுப்பேற்க, 1857-இல் மியூசியம் பொதுமக்களுக்குத் திறந்தது.

ஆனால் கல்லையும் தாதுவையும் பார்க்க யார் வருவார்கள்? எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 1859-இல் பக்கத்திலேயே பூங்காவும் மிருகக்காட்சி சாலையும் அமைந்தன. முந்தைய மன்னர் சுவாதித் திருநாள் காலத்திலிருந்தே அரண்மனை லாயத்தில் யானை, குதிரைகளோடு காட்டு விலங்குகளையும் வளர்த்த பழக்கம் இதற்குக் கைகொடுத்தது. சென்னையில் மியூசியப் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் சில ஆண்டு முன்பே இதைக் கண்டுகொண்டிருந்தார்: உயிருள்ள புலியும் சிறுத்தையும் மியூசியத்துக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்தன. அங்கே 1855-இல் மிருகக்காட்சி சாலை உருவானது அதன் பிறகுதான்.

பழைய மியூசியக் கட்டடம் 1874-இல் இடிக்கப்பட்டது. சென்னை அரசின் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் வரைந்த புதிய கட்டடம் 1880-இல் நிறைவடைந்து, சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பெயரைப் பெற்றது. செங்குத்தான ஓட்டுக்கூரையும் முகப்பு மரவேலையும் கேரளத்துக் கோயில்களை நினைவூட்டும். சுவரெல்லாம் பல நிறப் பட்டைகள். சற்று மிகையான அலங்காரம்தான், ஆனால் குழந்தைகளுக்கு அதுவே பிடிக்கிறது. மின்விசிறி இல்லாத காலத்தில் காற்று தானே உள்ளே ஓடும்படி கட்டியது சிஷோமின் உண்மையான கெட்டிக்காரத்தனம். உள்ளே வெண்கலச் சிலைகள், தந்த வேலைப்பாடுகள், மரத்தேர், ஜாவாவின் தோல்பாவைகள்.

1935-இல் இதே வளாகத்தில் ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடம் திறந்தது. ரவிவர்மாவின் ஓவியங்கள் நெடுங்காலம் அங்கே இருந்தன. மிருகக்காட்சி சாலையில் பழைய இரும்புக் கூண்டுகள் பலவற்றின் இடத்தை அகழி சூழ்ந்த திறந்தவெளி அடைப்புகள் பிடித்துவிட்டன.

தோட்டத்துக்குள் நடக்கக் கட்டணமில்லை. மியூசியத்துக்கும் மிருகங்களுக்கும்தான் டிக்கெட். திங்கட்கிழமை இரண்டும் விடுமுறை.